லயத்துக்குக் கீழே ஓர் ஏரி

கொழும்பில் நாலு பேர் கூடி ‘ஒருநாள் போய்வருவோம்’ என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே மலைநாட்டுக்கு ஏறிவிடும். கடல் வாசலிலேயே கிடக்கிறது. குளிரும் ஏரியும் வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும். நுவரெலியாவில் கிரகரி வாவி, டிக்கோயாவுக்குக் கீழே காசல்ரீ, மஸ்கெலியாவில் மவுசாகலை, கொஞ்சம் தள்ளிக் கொத்மலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். இவற்றில் ஒன்றுகூட இயற்கை தந்த ஏரி கிடையாது.

கிரகரி வாவி இருக்கும் இடம் ஒரு காலத்தில் சேற்று நிலம். வில்லியம் கிரகரி இலங்கையின் ஆளுநராக இருந்தபோது, 1873இல், பிதுருதலாகலை மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து அதை ஏரியாக்கினார்கள். காசல்ரீ அணை 1965இல் முடிந்தது. மவுசாகலை 1969, கொத்மலை 1985, மேல் கொத்மலை 2012. பின்னால் வந்த இந்த நான்கும் முக்கியமாக மின்சாரத்தை நினைத்துக் கட்டியவை. கிரகரி வாவியின் தண்ணீரைக்கூட 1913இல் சுரங்கத்தில் இறக்கி, நானுஓயாப் பக்கம் இருக்கும் பிளாக்பூல் மின்நிலையத்தில் வேலை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். மலைநாட்டில் தண்ணீருக்கும் சும்மா இருக்க நேரம் கிடையாது.

காசல்ரீயைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அணை கட்டி முடிந்த சில வருடங்களில் பிறந்த ஒருவரின் ஞாபகங்கள் இவை. அவருடைய அம்மா கொழுந்து பறித்தவர். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. இவர் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் சேர்ந்தார். மலையகத்துப் பையன்களுக்கு எண்பதுகளில் அது புதிய பாதையும் அல்ல. ஹட்டன் ஸ்டேஷனில் இரவு மெயிலுக்கு நிற்கும் பைகளில் பாதி அப்படிப்பட்டவர்களுடையவைதான்.

சிறு வயதில் அந்தத் தண்ணீரை யாரும் ‘பார்க்கப் போகிற’ இடமாக அவர் கேள்விப்பட்டதில்லை. காலையில் இஸ்தோப்பில் நின்று பல் விளக்கும்போது கீழே அது இருக்கும். மாசி, பங்குனியில் வற்றும்போது தேயிலைக்கும் தண்ணீருக்கும் நடுவே செம்மண் ஒரு பட்டையாகத் தெரியும். வைகாசிக்குப் பிறகு தென்மேல் மழை பிடித்தால் அந்தப் பட்டை நாளுக்கு நாள் ஒடுங்கி, ஒரு காலையில் காணாமல் போயிருக்கும். அப்புறம் வான் பாயும். அந்தச் சத்தத்தை வைத்தே, இனி ரெண்டு மாசத்துக்கு விறகு காயாது என்று அம்மா கணக்குச் சொல்லிவிடுவார்.

மலைக்கு மேலாக மின்கம்பிகள் போயின. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்த ஆறுகளில் இருக்கும் மின்சாரத்தைக் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். லக்ஷபானவில் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதற்கு மூன்று வருடம் கழித்து அவர் இறந்தார். காசல்ரீயின் தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய்ச் சுழற்றும் மின்நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். அந்த லயத்திலோ இவர் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் மண்ணெண்ணெய் விளக்கு. பாடப் புத்தகத்தில் ‘நீர்மின்சாரம்’ என்ற பாடத்தை அந்த விளக்கில் வைத்துப் படித்ததை இன்றும் சொல்வார். கோபமாகத்தான் சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரைப் போயா. கடைக்கு விடுமுறை. கடையில் வேலை செய்தவர்கள் காசு சேர்த்து ஒரு வேன் பிடித்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் புத்தளத்து முஸ்லிம், இரண்டு பேர் மட்டக்களப்பு, டிரைவர் அவிசாவளைச் சிங்களவர். எங்கே போவது என்ற பேச்சில் யாரோ ஒரு காலண்டர் படத்தைக் காட்டினார்கள். மலைக்கு நடுவே நீல நிறத் தண்ணீர், கரையெல்லாம் தேயிலை. ‘இதுதான் மச்சான், இங்கதான் போறம்’ என்று முடிவாகியது. படத்தின் கீழே சின்ன எழுத்தில் காசல்ரீ என்று போட்டிருந்தது.

விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். யுத்த காலம். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டுதான் பயணம். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த வேன் என்பதால் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதிலேயே விடிந்துவிட்டது. அவிசாவளை தாண்டிக் கித்துல்கலைக்கு வந்ததும் வலது பக்கம் களனி கங்கை கூடவே வரத் தொடங்கியது. 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்குப் பாலம் கட்டி உடைத்த இடம் அதுதான் என்று டிரைவர் வண்டியை மெதுவாக்கிக் காட்டினார். இவர் அப்போது மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காசல்ரீ கெஹெல்கமு ஓயாவில் இருக்கிறது. மவுசாகலை மஸ்கெலி ஓயாவில். இரண்டும் கீழே வந்து கலந்துதான் களனி. வீட்டுக்குக் கீழே பார்த்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஏறுகிறோம் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன். சிவனொளிபாதமலைப் பருவம் முடியாத நேரம் என்பதால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசி வெசாக் வரை ஹட்டன் நகரம் அப்படித்தான் தூங்காமல் கிடக்கும். டிக்கோயா தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் தண்ணீர் தெரிந்தது. வேனுக்குள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வண்டி நின்றது. எதிர்க்கரையில் வரிசையாகத் தகரக் கூரைகள். இவர் கையை நீட்டி, ‘அந்தா தெரியுது பாருங்க, டர்பன்டைன் மரத்துக்குக் கீழ... அதான் எங்க லயம்’ என்றார்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு புத்தளத்துக்காரர்தான் சொன்னார்: ‘அப்ப இவ்வளவு நேரமும் நாங்க உங்கட வீட்டுக்குத்தான் வந்திருக்கிறம்!’

போயா என்றாலும் அம்மா கைக்காசுக்கு மலைக்குப் போயிருந்தார். விடுமுறை நாளில் பறிக்கும் கொழுந்துக்கு அன்றைக்கே காசு என்பதால் முடிந்தவர்கள் எல்லாம் போவார்கள். பகல் நிறுவைக்கு இறங்கி வந்தவர், இஸ்தோப்பில் இத்தனை ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு திகைத்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றார். கொழுந்தின் சாறு ஏறி விரல்கள் கறுத்திருந்தன. தேய்த்துக் கழுவினாலும் போகாத கறுப்பு அது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து, அந்தப் பிளவுக்குள்ளும் ஏறியிருக்கும். ‘வாங்க தம்பி, உள்ள வாங்க. இருக்கத்தான் எடமில்ல’ என்றார். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பாதிப் பேர் வாசலிலேயே இருந்தார்கள். தோட்டத்தில் கொடுக்கும் தூளில் தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனி வைத்துக் கொடுத்தார். கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. யாழ்ப்பாணத்துக்காரர் கண்ணில் தண்ணீர் வர வர மூன்றாவது ரொட்டியும் கேட்டு வாங்கினார்.

அவர்தான் கேட்டார்: ‘அம்மா, நீங்கள் இந்தக் குளத்துக்கு அடிக்கடி போறனீங்களோ?’

‘நான் எங்க தம்பி போறது? இங்கன இருந்து பாக்குறதுதான். கிட்டப் போய் ஒரு நாளும் காலு நனைச்சதில்ல.’

அணை வந்த நாள் முதல் அந்தத் தண்ணீருக்கு மேலே வாழ்ந்த மனுஷி சொன்ன வார்த்தை. காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பகலில் நிறுவை, சாயந்தரம் மறுபடி நிறுவை, அப்புறம் விறகு, தண்ணி, சமையல். வற்றும் காலத்தில் கரை இறங்கினால் சேறு. நிறையும் காலத்தில் போக நேரமில்லை. நேரம் இருந்தாலும், காரணமில்லாமல் ஒரு பெண் கரையில் போய் உட்காருவதை லயத்தில் யாரும் ஒரு வேலையாக நினைத்ததில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அவர்கள் அம்மாவை விடவில்லை. சேலை மாற்றிவரச் சொல்லி, வேனில் முன் சீட்டில் இருத்தினார்கள். டிரைவர் ‘அம்மே, இங்க இருங்க’ என்று கதவைத் திறந்துவிட்டார். நோர்வூட் பக்கமாகச் சுற்றி, வண்டி கரைக்குக் கிட்டப் போகக்கூடிய ஓர் இடம் வரை கொண்டுபோனார்கள். பாறை ஒன்றில் உட்கார்ந்து அம்மா காலைத் தண்ணீரில் விட்டார். ‘ஐஸா இருக்குடா’ என்று சொல்லிச் சிரித்தார். எதிர்க்கரையைக் காட்டி, எது எந்தத் தோட்டம், எந்த மலையில் கொழுந்து நல்லா வரும், எந்த மலையில் அட்டை அதிகம் என்று அவர்களுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தினமும் தான் நின்று பறிக்கும் மலை இங்கிருந்து பார்த்தால் இவ்வளவு சரிவா என்று அவருக்கே ஆச்சரியம். ‘அதுலயா நிக்கிறோம்!’ என்று இரண்டு தரம் கேட்டார்.

கொழும்பிலிருந்து கூட வந்தவர்கள் எடுத்த படங்களில் ஒன்று இன்னும் இவரிடம் இருக்கிறது. ஏரி அதில் ஓரமாகத்தான் தெரிகிறது.

மவுசாகலையின் கதை வேறு. காசல்ரீயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம் அது. ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் அதன் கரையோரமாகத்தான் நல்லதண்ணிக்கு ஏறுகிறார்கள். தெளிவான நாளில் 2,243 மீட்டர் உயர மலை முழுவதும் அந்தத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். யாத்திரைக்காரர்கள் ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

பழைய மஸ்கெலியா அங்கேதான் இருந்தது. கடைவீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் பள்ளத்தாக்கில். அணை வந்தபோது நகரத்தை மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கட்டினார்கள். பழையதை 1969இல் தண்ணீர் மூடியது. மழை பொய்த்து நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் சண்முகநாதர் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அப்போது சுற்று வட்டாரத் தோட்டங்களில் சேதி பரவும். ‘பழைய டவுன் தெரியுதாம்!’ அதுதான் தோட்டத்து ஜனங்களின் உண்மையான ஏரிப் பயணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு வறட்சி. இவருக்குப் பதின்வயது. அம்மாயி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து டிக்கோயாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சேதி கேட்ட நாளிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் ரொட்டிப் பொட்டலம், வெற்றிலைப் பை, ஒரு சூடம் கட்டி.

கரையில் திருவிழாக் கூட்டம். கடலைக்காரன்கூட வந்திருந்தான். நடக்க நடக்கக் காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன்மேல் மிதித்தால் ஓரம் நொறுங்கி உள்ளே ஈரம் தெரியும். வேர் மட்டும் மிஞ்சிய மரங்கள். ஒரு இடத்தில் பழைய தெருவின் கல் அடுக்கு அப்படியே இருந்தது. அம்மாயி அந்தக் கல்லில் ஏறினதும் நடையே மாறிவிட்டது. கண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லாத வெளியில் கையைக் காட்டிக்கொண்டே போனார். ‘இது புடவைக்கட. இங்கனதான் ஒங்க தாத்தா எனக்கு மொதமொத சேல வாங்கிக் குடுத்தாரு. இது சாப்பாட்டுக்கட, சம்பளத்தன்னிக்கு எடம் கெடைக்காது. அங்கிட்டு நாவிதர் கட.’ சம்பளம் போட்ட ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு தோட்டத்து ஆட்கள் அந்த வீதிக்கு இறங்குவார்களாம். அந்த நெரிசலில் கைப்பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுது, கோயில் வாசலில் கண்டுபிடித்த கதையையும் சொன்னார். அந்தக் கைப்பிள்ளைதான் இவருடைய அம்மா.

கோயிலுக்கு வந்ததும் பேச்சு நின்றது. சுவரில் பாதி, படிகள், சேறு பூசிய கல். யாரோ ஏற்கெனவே பூ வைத்திருந்தார்கள். அம்மாயி சூடம் ஏற்றினார்; காற்று அணைத்தது; பேரன் உடம்பால் மறைத்து நிற்க மறுபடி ஏற்றினார்.

அங்கே நின்றபோதுதான் தன் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றிருந்த தோட்டத்து மக்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று ஏற்பாடு. மீதி ஒன்றரை லட்சம் பேரின் கதி பிறகு முடிவாகும் என்று விட்டுவைத்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கி அப்போதே பதினாறு வருடமாகியிருந்தது. அணைகளுக்குப் பாறை உடைத்த அதே வருடங்களில்தான் லயங்களில் யார் போவது, யார் இருப்பது என்ற பேச்சும் நடந்தது. தங்கச்சி குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. மஸ்கெலியாக் கடைவீதியில் கடைசியாக ஒன்றாகத் தேத்தண்ணி குடித்து, ஹட்டனில் ரயில் ஏற்றிவிட்டார். தலைமன்னாரில் கப்பல். பிறகு கோத்தகிரிப் பக்கம் இருப்பதாக ஒரு கடிதம். ‘அவ திரும்பி வந்தாலும் பாக்க இந்த டவுன் இருக்காதேன்னு அப்பவே நெனச்சேன்’ என்றார். மலையகத்தின் ஏரிகளை அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாததற்கு இந்த ஒரு பேச்சு போதும்.

திரும்பி வரும்போது அம்மாயி சேற்றிலிருந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். அது அவர் சாகும்வரை சாமி தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏரிக்கரைப் பயணங்களில் நோட்டன் பிரிட்ஜுக்கும் ஒரு இடம் உண்டு. பார்க்கச் சின்ன ஊர், சின்ன நீர்த்தேக்கம். ஆனால் அங்கே ஒரு பெரிய விமானத்தின் டயரை ஞாபகமாக வைத்திருக்கிறார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின் ஏர் விமானம் சப்தகன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அன்றைய இரவின் சத்தத்தைப் பற்றி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வயதானவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். இவருடைய அப்பா ஸ்டோரில் இரவு வேலையில் இருந்தாராம். இடி என்று நினைத்தார்களாம். பெயர்கூடத் தெரியாத தூர தேசத்து மனிதர்களுக்காகத் தோட்டத்துக் கோயிலில் விளக்கேற்றினார்கள் என்று அப்பா சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

கிரகரி வாவிக்கு வந்தால் இந்தப் பாரமெல்லாம் இல்லை. அது கொண்டாட்டத்தின் ஏரி. சித்திரையில் நுவரெலியா சீசன் தொடங்கினால் கொழும்பே மேலே ஏறி வந்துவிடும். குதிரைப் பந்தயம், கார் பந்தயம், பூக்காட்சி. தோட்டத்து ஜனங்களும் வருவார்கள். கையில் புதுவருடத்துக் காசு, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தால் வழியில் டெவன், சென்ட் கிளேயர் அருவிகள். மேல் கொத்மலைக்குத் தண்ணீர் திருப்பிய பிறகு சென்ட் கிளேயருக்குப் பழைய வேகம் இல்லை; அந்தக் காலத்தில் பஸ் ஜன்னலில் அதன் வெள்ளையைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

சிறு வயதில் இவர் குடும்பம் கிரகரிக்குப் போன நாள்களில் படகில் ஏறினது கிடையாது. காசு அப்படி. கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள். அப்பா பஞ்சுமிட்டாய் வாங்கித் தருவார். மட்டக்குதிரையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்றைக்கும் தோட்டத்துக் குடும்பங்களில் பல அப்படித்தான் கரையில் இருக்கின்றன. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்ததே பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல். 2024இல் அது 1,350 ஆனது. நாலு பிள்ளைகள் படகும் குதிரையும் கேட்டால் அந்தச் சம்பளம் தாங்காது. நகரசபைகளும் தோட்டக் கம்பனிகளும் மனது வைத்தால், சம்பள வாரத்து ஒரு ஞாயிறில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படகை இலவசமாக விடுவது ஒரு பெரிய காரியமே இல்லை. இந்த ஏரிகளுக்கு அழகு சேர்க்கும் பச்சையைச் சுற்றிலும் வெட்டிச் சீராக வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் கைகள்தான்.

காசல்ரீயும் இப்போது மாறிவிட்டது. துரைமார் இருந்த பங்களாக்கள் 2005 வாக்கில் சொகுசு விடுதிகளாயின. பிறகு கொழும்பிலிருந்து நீர்விமானம் வந்து ஏரியிலேயே இறங்கத் தொடங்கியது. அது இறங்கும் சத்தம் கேட்டால் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் குழந்தைகள் வாசலுக்கு ஓடிவரும். 1878இல் கட்டிய வார்லீ தேவாலயத்தின் முற்றத்தில் நின்று ஏரியைப் படம் எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஏரிக்கு மேலே பொகவந்தலாவையில் 1879இல் அடக்கமான ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரியின் கல்லறையைத் தேடியும் சிலர் வருவதுண்டு. எல்லாம் நல்லதுதான். விடுதிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்திருக்கிறது. கொழும்புக்கு மெயில் ஏறாமல் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பங்களாவின் முற்றத்திலிருந்து தெரியும் அதே தகரக் கூரைகளில் இன்னும் மழை ஒழுகுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவருக்கு இப்போது கொழும்பில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. அம்மா காலமாகிவிட்டார். வருடத்தில் ஒரு முறையாவது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அதே அவிசாவளைப் பாதையில் மேலே போகிறார். கொழும்பில் பிறந்த பிள்ளைகள். அவர்களுக்கு அது தாத்தா ஊர். கரைக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடுவார்கள், இவர் அதட்டிக் கூப்பிடுவார். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் சேறு கெட்டியாகத் தெரிந்து திடீரென்று பள்ளமாகும் என்பது அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியூர்ப் பையன்கள் குளிக்க இறங்கி மூழ்கிய சேதிகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

இந்தப் பக்கம் ஒருநாள் பயணம் வர நினைப்பவர்களுக்கு அவர் சொல்வதை அப்படியே இங்கே தருகிறோம். இருட்டோடு புறப்படுங்கள், பின்னேரமானால் மலை மூடிவிடும். ரயிலில் வருவதானால் ஹட்டனில் இறங்குங்கள், அங்கிருந்து நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் பஸ் இருக்கிறது. பழைய மஸ்கெலியா தெரிகிறது என்று கேள்விப்பட்டால் காலணியைக் கழற்றிவிட்டுக் கோயில் படிக்குப் போங்கள். குளிக்க இறங்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் கிட்டப் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் நிறுவைக்குப் போகும் அவசரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். சாப்பாட்டை ஊர்க் கடைகளில் வாங்குங்கள். கொண்டுவந்த போத்தலையும் பையையும் ஒன்று விடாமல் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்: காசல்ரீயிலும் மவுசாகலையிலும் போடுவது களனி கங்கையில்தான் இறங்குகிறது, கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கும் அம்பத்தலை இருப்பதும் அதே களனிக் கரையில்தான்.